காரையாற்றிலிருந்து கோட்டை வரை: மருத்துவ ஏற்றத்தாழ்வைச் சட்டத்தால் குறைக்கும் வழிமுறை

திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் மலைக்கு மேலே, காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் ஒரு காணிப் பழங்குடிப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், அவளுக்கும் மருத்துவருக்கும் நடுவே காடு, அணைத் தண்ணீர், சோதனைச்சாவடி, மலைச்சாலை எல்லாம் கிடக்கின்றன. அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் அதே வலி எடுத்தவளுக்கு ஓர் ஆட்டோ போதும். இரண்டு பேருக்கும் உரிய அரசுத் திட்டம் ஒன்றுதான், காப்பீட்டு அட்டை ஒன்றுதான், 108-ம் ஒன்றுதான். வித்தியாசம் விதிக்குள் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நடைமுறையிலுள்ள அளவுகோல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது 30,000, 20,000 என்று போகிறது. சில பத்துக் குடும்பங்கள் உள்ள குடியிருப்பு இந்தக் கணக்கில் எந்தக் காலத்திலும் தேறாது.

இந்த அளவுகோலைத் தலைக்கணக்கிலிருந்து நேரக்கணக்குக்கு, அதாவது உதவி எத்தனை நிமிடத்தில் எட்டும் என்பதற்கு, மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். மாற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. பொது சுகாதாரம், மருத்துவமனை, மருந்தகம் ஆகியவை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 6-ஆவது இனம். கோட்டையிலுள்ள சட்டமன்றம் வரை இதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இந்த வழிகாட்டி. பஞ்சாயத்து உறுப்பினர்கள், சுய உதவிக் குழுக்கள், பீடித் தொழிற்சங்கங்கள், வழக்கறிஞர்கள், ஊருக்கு உழைக்கிற இளைஞர்கள் எல்லாரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

முதலில் எண்ணுங்கள்

எண்ணாத குறைக்குச் சட்டம் வராது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று சொன்னது. ஆனால் மாவட்ட அளவில் வெளியிடும் அறிக்கையில் சாதிவாரி, பழங்குடிவாரிப் பிரிவு கிடையாது. ஆகவே மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்ணும், மயிலாறு காணிப் பெண்ணும், நாங்குநேரிப் பக்கத்து ஆதிதிராவிடர் தெருப் பெண்ணும் ஒரே சராசரிக்குள் கரைந்துபோகிறார்கள்.

இரண்டு வகைக் கணக்கு வேண்டும். ஒன்று அரசின் கையிலேயே இருப்பது. கர்ப்பிணியைப் பதியும்போது கிராம சுகாதார செவிலியர் பட்டியல் சாதியா, பழங்குடியா, பிறரா என்று கேட்டு எழுதுகிறார். அதைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபால். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வி இப்படி இருக்கட்டும்: "கடந்த 3 ஆண்டுகளில், துணை சுகாதார நிலையம் வாரியாக, பட்டியல் சாதி / பழங்குடி / பிறர் என்ற பிரிவின்படி, பதிவான கர்ப்பிணிகள், 12 வாரத்துக்குள் பதிந்தவர்கள், வீட்டிலோ வழியிலோ நடந்த பிரசவங்கள், 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைகள் ஆகியவற்றின் எண்ணிக்கை." பெயர் கேட்காதீர்கள், தனிநபர் தகவல் என்று நியாயமாகவே மறுத்துவிடுவார்கள். "ஏன் கொடுக்கவில்லை?", "எப்போது சரியாகும்?" என்றும் கேட்காதீர்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத்தான் அந்தச் சட்டம் பெற்றுத்தரும், விளக்கத்தைப் பெற்றுத்தராது.

"இவ்வாறு பிரித்துத் தொகுக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். அந்த ஒரு வரிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தில் எண்ணும் கடமை ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இரண்டாவது, நீங்களே எடுக்கும் நேரக்கணக்கு. ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். ஒவ்வொரு அவசர நோய்க்கும் ஐந்து நேரம் எழுத வேண்டும்: வலியோ காய்ச்சலோ தொடங்கியது, உதவி கேட்டுப் போன் எட்டியது, வண்டி வந்து சேர்ந்தது, சோதனைச்சாவடியைக் கடந்தது, மருத்துவரோ செவிலியரோ தொட்டுப் பார்த்தது. "போன் எட்டியது" என்பதைத் தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 108-இன் பதிவேட்டில் கடிகாரம் அழைப்பு வந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். சிக்னல் கிடைக்கும் பாறைவரை ஒருவர் நடந்துபோன நேரம் அதில் எங்கும் ஏறாது. மலைக்குடியிருப்புகளில் அதிகம் வீணாகும் நேரமே அதுவாக இருக்கலாம். பகல், இரவு, மழை என்று மூன்று சூழலுக்கும் தனித்தனியே எழுதுங்கள். காரையாற்றுக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டென்பதால், ஆனியில் தொடங்கி மார்கழி வரை பதிவு நடந்தால்தான் முழுச் சித்திரம் கிடைக்கும்.

இங்கே பலரும் சறுக்கும் இடங்கள் சில உண்டு. சிறு குடியிருப்புக்கு விகிதம் போடாதீர்கள். ஆண்டுக்கு 6 பிரசவம் நடக்கும் இடத்தில் ஒரு தாய் இறந்தால், அதை லட்சத்துக்கு இத்தனை என்று பெருக்கினால் வரும் எண்ணை எந்த அதிகாரியும் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். "6-இல் 1" என்றே எழுதுங்கள். அல்லது நான்கைந்து ஆண்டைச் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்தது, ஒப்பிடும் ஊர். இஞ்சிக்குழியைச் சென்னையோடு ஒப்பிட்டால் "மலை என்றால் அப்படித்தான்" என்று தள்ளிவிடுவார்கள். அதே ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் இருக்கும் அடிவாரத்து ஊரோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, 5-க்குக் குறைவான எண்ணிக்கை வரும் எந்தக் கட்டத்தையும் அடுத்த கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். "ஒரு பெண், காசநோய், இன்ன தெரு" என்று எழுதினால் அவள் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். உதவப்போய் ஒருத்தியின் வாழ்வைக் கெடுக்கக் கூடாது.

பீடித் தெருக்களில் முறை வேறு. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வீடு வீடாக எண்ண ஆள் போதாது. பத்து வீட்டுக்கு ஒன்று என்று 100 வீடு பாருங்கள். மதியம் போனால் மடியில் சுளகோடு, தூளும் நறுக்கிய இலையும் பரப்பிக்கொண்டு, கை நிற்காமல் சுற்றியபடியேதான் பதில் சொல்வார்கள்; அன்றைய கட்டு அன்றைக்கே முடிந்தாக வேண்டும். அதனால் கேள்வி ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்று கட்டாயம்: பீடி அட்டை யார் பெயரில்? மாமியார் பெயரில் அட்டை, சுற்றுவது மருமகளும் இரண்டு பெண்மக்களும் என்ற வீடுகள் உண்டு. தொழிலாளர் நல மருத்துவமனைக் கணக்கில் ஒருவர். இருமல் நான்கு பேருக்கு. இந்த ஒரு விவரம் பின்னால் சட்டத்தின் வரையறையையே மாற்றும்.

எந்த ஏட்டில் எழுதுவது

எல்லாவற்றுக்கும் சட்டம் வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவால் தீர்வதற்குச் சட்டமன்றத்தைத் தட்டினால் ஐந்தாண்டு போய்விடும். நடமாடும் மருத்துவக் குழு வாரத்தில் எந்த நாள் வருவது, தடுப்பூசி முகாமை ஊர்ச்சாவடியில் வைப்பதா ஆதிதிராவிடர் தெருவில் வைப்பதா, இரவில் சோதனைச்சாவடியில் நோயாளி வண்டிக்குக் கதவைத் திறப்பது யார் பொறுப்பு என்பவை மாவட்டத்திலேயே முடியக்கூடியவை. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்து, பதிவு எண்ணுள்ள ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலே அரசாணை. புதிய பணியிடம், பிரசவக் காத்திருப்பு அறை, மொழிபெயர்க்கும் உதவியாளருக்கு ஊதியம் முதலியவை அரசாணையால் வரும். ஆனால் அரசாணையை மாற்ற இன்னோர் அரசாணை போதும். பேரவை விதி 110-இன் கீழ் முதலமைச்சர் வாசிக்கும் அறிவிப்பும் சட்டமல்ல. ஆட்சியோ நிதிநிலையோ மாறினாலும் நிலைக்க வேண்டியதை மட்டும் சட்டத்துக்குக் கொண்டுபோங்கள். எங்கள் கணிப்பில் அவை நான்குதான்: பிரித்து எண்ணும் கடமை, நேர எல்லை, அதற்கான நிதித்தலைப்பு, யார் பதில் சொல்வது.

அதையும் முழுக்கப் புதிய சட்டமாகக் கேட்பதைவிட, 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் ஒரு புதிய அத்தியாயமாகக் கேட்பது சுலபம். சென்னை மாகாணத்தில் பிறந்து இன்றும் தமிழ்நாட்டில் நடப்பிலுள்ள சட்டம் அது. துறைக்கு அது பழகிய ஏடு. திருத்தம் என்றால் கோப்பு நகரும். புதுச் சட்டம் என்றால் முதலில் அது எந்தத் துறையின் கோப்பு என்றே விவாதம் நடக்கும்.

மாநிலச் சட்டத்தால் முடியாததும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் காணிக்காரர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டும் என்று எல்லை கட்டிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அந்த எல்லையை மாற்றும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கே. ஆகவே உங்கள் வரைவில் "பழங்குடிச் சான்றிதழ் உள்ளவர்" என்று எழுதினால், வேலைக்காக இடம்பெயர்ந்த குடும்பம் வெளியே நிற்கும். "குடியிருப்பில் வசிக்கும் எவரும்" என்று எழுதுங்கள்.

வரைவு எழுதும்போது

சட்டத் தமிழில் ஒரு விகுதியில் உயிர் போகும். "அரசு ஏற்பாடு செய்யலாம்" என்றால் செய்யாமலும் இருக்கலாம். "ஏற்பாடு செய்தல் வேண்டும்" என்றால்தான் கடமை. வரைவைக் கையில் எடுத்ததும் முதலில் எல்லா 'லாம்'களையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் தெரிந்துதான் விடப்பட்டதா என்று பாருங்கள்.

அடுத்தது வரையறை. "கிராமம்" என்று எழுதினால் வருவாய்க் கிராமம் என்று பொருள் கொள்ளப்படும். அதன் ஒரு மூலையில் சுகாதார நிலையம் இருந்தால், மறுமூலையிலுள்ள மலைக்குடியிருப்பும் காகிதத்தில் "வசதி உள்ள கிராமம்" ஆகிவிடும். "குடியிருப்பு" என்ற சொல்லை வரையறுங்கள். 'காலனி' என்ற சொல்லைத் தவிருங்கள். அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025-இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது. பீடிக்கு "அட்டை பெற்ற தொழிலாளர்" வேண்டாம். "கூலிக்காகப் பீடி சுற்றும் எவரும், அவர் பெயரில் அட்டை இருப்பினும் இல்லாவிடினும்" என்று இருக்கட்டும்.

மைய விதிக்கு ஒரு மாதிரி:

"ஒரு குடியிருப்பின் மக்கள்தொகை எவ்வளவாக இருப்பினும், அங்கு வசிக்கும் எவரும் உதவி கோரிய நேரத்திலிருந்து 60 நிமிடங்களுக்குள் தகுதி பெற்ற செவிலியரின் கவனிப்பையும், 120 நிமிடங்களுக்குள் அறுவைப் பிரசவ வசதியுள்ள மருத்துவமனையையும் அடையும் வகையில் அரசு ஏற்பாடு செய்தல் வேண்டும். இயற்கை அமைப்பால் இது இயலாத குடியிருப்புகளை மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் பெயர் குறித்து அறிவித்து, அங்குள்ள கர்ப்பிணிகளுக்கு உத்தேசப் பிரசவ நாளுக்கு 14 நாட்களுக்கு முன்பிருந்து துணையாளர் ஒருவருடன் தங்குமிடம், உணவு, இழந்த கூலி ஆகியவற்றை வழங்குதல் வேண்டும்."

60, 120 என்ற எண்கள் நாங்கள் முன்வைப்பவை. உங்கள் நேரக்கணக்கு வேறு சொன்னால் மாற்றுங்கள். இரண்டாம் வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர். மலைக்கு மேலிருந்து அதை எட்ட எந்தச் சட்டத்தாலும் சாலையைச் சுருக்க முடியாது. அந்த மாற்று ஏற்பாடு இல்லாவிட்டால் "நடைமுறைக்கு ஒவ்வாதது" என்ற ஒரே குறிப்பில் முழு வரைவும் திரும்பிவிடும். "துணையாளர்", "இழந்த கூலி" என்ற சொற்களும் காரணத்தோடுதான் இருக்கின்றன. காத்திருப்பு அறையைக் கட்டிவிட்டு, வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்காவிட்டால் கட்டில் காலியாகவே கிடக்கும்.

வனத்துக்குள் கட்டடம் கட்ட முடியாது என்று ஒரு பதில் வரும். களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் என்பதால் அந்தப் பதில் சீக்கிரமே வரும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ஐ எடுத்துக் காட்டுங்கள். மருந்தகம், மருத்துவமனை, அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க அது இடம் தருகிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். அந்தப் பரிந்துரைத் தீர்மானத்தை முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருங்கள்.

மொழிக்கும் ஒரு விதி வேண்டும். காணி மக்களின் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. கங்கைகொண்டான் பக்கத்து ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இந்தியோ ஒடியாவோ மட்டும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் இனவாரி மருத்துவ ஏற்றத்தாழ்வைக் குறைக்க மாநிலங்கள் கையாண்ட முறைகளில் நமக்கு உடனே பயன்படுவது இதுதான். கலிபோர்னியா 2003-இல் இயற்றிய சட்டம், நோயாளியின் மொழியில் உதவி தருவதைக் காப்பீட்டு நிறுவனங்களின் கடமை ஆக்கியது. நியூ ஜெர்சி 2005-இல் பல பண்பாட்டு நோயாளிகளை அணுகும் பயிற்சியை மருத்துவர்களுக்குக் கட்டாயமாக்கியது. ஒஹாயோ 1987-லேயே சிறுபான்மையினர் நலத்துக்கென்று தனி ஆணையம் அமைத்தது. அங்கே அளவுகோல் நிறமும் இனமும். இங்கே சாதியும் பழங்குடியும் தொழிலும். எண்ணு, அவர்கள் மொழியில் பேசு, ஒருவரைப் பொறுப்பாக்கு என்ற வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே.

தண்டனை விதியில் நிதானம் வேண்டும். மருத்துவருக்குச் சிறை என்று எழுதினால் மலைப்பணியிடம் இன்னும் காலியாகும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தப்படி ஏற்கெனவே குற்றம். அதைத் திரும்ப எழுத வேண்டாம். மருத்துவரை மலைக்கு வரவழைக்க ஊக்கம்தான் வழி. பணியிலுள்ள அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 31.8.2020 அன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் தொடுத்த வழக்கில் சொன்னது. அந்த இடத்துக்கு ஈடாகக் கடினப் பகுதியில் இத்தனை ஆண்டு பணி என்று கட்டுங்கள். அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் என்ற 2020-ஆம் ஆண்டுச் சட்டமும் நல்ல முன்மாதிரி: விகிதம் சட்டத்திலேயே இருந்தது; அதே ஆண்டுச் சேர்க்கையிலிருந்து நடைமுறைக்கும் வந்தது.

நிதியைப் பற்றிச் சுருக்கமாக. செலவுள்ள சட்டமுன்வடிவு நிறைவேற அரசியல் சட்டத்தின் 207(3) பிரிவுப்படி ஆளுநரின் பரிந்துரை தேவை. ஆகவே செலவு மதிப்பீட்டை ஒரு பக்கத்தில் இணையுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்க 2024-இல் வந்த செயல்திட்டச் சட்டத்தைச் சுட்டி, அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கக் கேட்டால் "பணம் எங்கே" என்ற கேள்விக்குப் பதில் இருக்கும்.

கோட்டைக்குள் கொண்டுபோவது

கிராம சபைத் தீர்மானம்தான் முதல் படி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூட்டம் உண்டு. குறைந்தபட்ச வருகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். காணிக் குடியிருப்பிலிருந்து கூட்டத்துக்கு வந்துபோக ஒரு நாள் கூலி போகும் என்பதை நினைவில் வைத்து வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். தீர்மானப் புத்தகத்தில் வாசகம் முழுதும் ஏறிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். வெறும் "மருத்துவ வசதி கோரித் தீர்மானம்" என்று ஒரு வரி ஏறினால் அதற்கு மதிப்பில்லை.

மாவட்டத்தில் ஐந்து தொகுதிகள்: திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம். ஐந்து உறுப்பினருக்கும் ஒரே இரண்டு பக்க மனுவைக் கொடுங்கள். கட்சி பார்க்க வேண்டாம். தனி உறுப்பினர் சட்டமுன்வடிவு, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது, நிறைவேறுவது மிக அரிது. அதனால் உறுப்பினரிடம் கேட்க வேண்டியது வேறு: மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கையில் பேச்சு, அதற்கு முன் ஒரு கேள்வி, முடிந்தால் கவன ஈர்ப்புத் தீர்மானம். உறுப்பினரின் கையில் உங்கள் நேரக்கணக்கிலிருந்து ஒரே ஒரு இரவின் ஐந்து நேரங்களைக் கொடுங்கள். பேரவையில் இரண்டு நிமிடம் கிடைத்தால் சதவீதத்தைவிட அதுதான் நிற்கும். மனுவைப் புரட்டாசி, ஐப்பசியிலேயே கொடுத்துவிட வேண்டும். தை பிறந்த பிறகு கொடுத்தால் வரவுசெலவுத் திட்டம் அச்சுக்குப் போயிருக்கும். கூடவே பேரவை மனுக்கள் குழுவுக்கும் ஒரு பிரதி.

 அமைச்சர் பேரவையில் "செய்யப்படும்" என்றால் அது உறுதிமொழி. பேரவையின் அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரும். மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வரும். நாளையும் வாசகத்தையும் பேரவை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து எடுத்து வைத்திருந்து, குழு வரும்போது நேரில் கொடுங்கள்.

சட்டம் வந்த பிறகும் வேலை பாதி மிச்சமிருக்கும். ராஜஸ்தான் 2023 மார்ச்சில் மருத்துவ உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாக நிறைவேற்றியது. விதிகள் வெளிவராமல் அது நெடுநாள் முடங்கிக் கிடந்தது. உங்கள் வரைவின் கடைசிப் பிரிவில் "இச்சட்டம் நடைமுறைக்கு வந்த 180 நாட்களுக்குள் விதிகள் இயற்றப்படுதல் வேண்டும்" என்று கேளுங்கள். விதிகள் வந்த ஆண்டின் ஐப்பசி மழையில், அதே குடியிருப்பில், அதே நோட்டில், அதே ஐந்து நேரங்களை மறுபடியும் எழுதத் தொடங்குங்கள்.